பழைய மாருதிக்குப் புதிய பெட்ரோல்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 நம் வணிகர் குடும்பங்கள் பலவற்றிற்கு முதல் கார். 2014இல் உற்பத்தி நின்ற பின்னும் பலர் அதை விடவில்லை. எங்களிடமும் கார்புரேட்டர் வண்டி ஒன்று உண்டு.

சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வசூல் முடித்துத் திரும்புகையில், கிருஷ்ணன்கோவில் அருகே வண்டி திணறி நின்றது; பெட்ரோல் வாடை வேறு. கார்புரேட்டர் கோளாறு என்றே எண்ணினோம். மெக்கானிக் காட்டியது வேறு. பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய் வெடித்து, சூடான என்ஜின் அருகே கசிந்துகொண்டிருந்தது. பில்டரிலும் அடைப்பு.

குழாய்க்கு வயதாகிவிட்டது உண்மை. அத்துடன், 2025 முதல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், டேங்கில் படிந்த அழுக்கைக் கிளப்பும், ஈரத்தையும் இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கக்கூடும்.

குழாய், கிளிப், பில்டர், பெட்ரோல் பம்பின் டயப்ரம் அனைத்தையும் மாற்றினோம். செலவு பெரிதல்ல, தீப்பற்றியிருந்தால் உயிருக்கு விலை ஏது?

ஆகவே வணிகப் பெருமக்களே, எத்தனால் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். வண்டியை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். வாடை வந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். கிட்டங்கிச் சரக்கை நாள்தோறும் பார்க்கும் நாம், பானட்டையும் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்போம்.