இயப் பெயர்களும் ஓவியங்களும்: பிரெஞ்சு ஓவியம் 1785 – 1886

முன்னுரை

செவ்வியல், புனைவியல், நடப்பியல், மனப்பதிவியல் ஆகிய கலைச்சொற்கள் தமிழ்த் திறனாய்வு நூல்களிலும் நம் வகுப்பறைகளிலும் நெடுங்காலமாகப் பயின்று வருகின்றன. ஒவ்வோர் இயத்திற்கும் நான்கைந்து பண்புகளை வரிசைப்படுத்தி, அறிவும் ஒழுங்கும் தழுவியது செவ்வியல், கற்பனையும் உணர்ச்சியும் மேலோங்கியது புனைவியல், உள்ளதை உள்ளவாறு காட்டுவது நடப்பியல் எனக் கற்பிப்பது வழக்கமாகிவிட்டது. தேர்வு எழுதும் மாணவர்க்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆயின், இச்சொற்கள் சுட்டும் ஓவியங்களுக்கு அருகே இவ்வரையறைகளைக் கொண்டு சென்றால் அவை பெரும்பாலும் பொருந்தாமல் போகின்றன. இப்பெயர்கள் எந்தச் சூழலில், யாரால், எதனை எதிர்த்து வழங்கப்பட்டன என்பதை நாம் கற்பிக்காமையே இதற்குக் காரணம் எனலாம். இக்கட்டுரை பிரெஞ்சு ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை விளக்க முற்படுகிறது. ஆங்கில, ஜெர்மானிய ஓவியங்கள் தனித்து ஆராயத்தக்கவை.

சலோன் என்னும் களம்

அக்கால ஓவியத்தைப் பயில்வோர் முதலில் அறிய வேண்டியது எந்த ஓவியரையும் அன்று. சலோன் என்னும் அமைப்பையே. 1648இல் பாரிசில் நிறுவப்பட்ட அரச ஓவிய, சிற்பக் கழகம் தன் உறுப்பினர்களின் படைப்புகளை லூவர் அரண்மனையின் சதுரக் கூடத்தில் காட்சிக்கு வைத்தது. பிரெஞ்சில் கூடத்தைக் குறிக்கும் 'சலோன்' என்னும் சொல்லே நாளடைவில் கண்காட்சியின் பெயராயிற்று. 1737 முதல் அது முறையாக நடைபெறலாயிற்று. 1748இல் படைப்புகளைத் தெரிவு செய்யும் நடுவர் குழு அமைந்தது. அரண்மனைச் சுவருக்குள் இருந்த ஓவியத்தைப் பொதுமக்கள் வந்து கண்டு கருத்துரைக்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. திதரோ 1759 முதல் இக்கண்காட்சிகளைப் பற்றி எழுதிய மதிப்புரைகள் கையெழுத்துப் படிகளாகச் சிலரிடம் மட்டுமே சென்றன எனினும், கலைத் திறனாய்வு என்னும் எழுத்துவகைக்கு அவையே தொடக்கமாகக் கருதப்படுகின்றன.

கழகம் ஓவியங்களுக்கு ஒரு படிநிலை வகுத்திருந்தது. 1667இல் ஃபெலிபியன் எழுத்தில் வடித்த அம்முறைப்படி, சமய, தொன்ம, வரலாற்று நிகழ்ச்சிகளைத் தீட்டும் வரலாற்று ஓவியம் தலையாயது. உருவப்படம், அன்றாட வாழ்க்கைக் காட்சி, நிலக்காட்சி ஆகியன அதன்கீழ் அமைய, பழமும் பாத்திரமும் போன்ற உயிரற்ற பொருள்களின் ஓவியம் கடைநிலையில் வைக்கப்பட்டது. கழகத்தின் பேராசிரியர் பதவிகள் வரலாற்று ஓவியர்க்கே உரியனவாக இருந்தன. ஓர் ஓவியத்தின் அளவையும் மதிப்பையும் இப்படிநிலையே முடிவு செய்தது. பின்னர் எழுந்த பூசல்கள் யாவும் இதன்மீது எழுந்தவையே.

செவ்வியலாளர் தீட்டிய நாட்செய்தி

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரபுக்களின் இல்லங்களை அணிசெய்த ரொகோகோ ஓவியங்கள் மென்மையும் களியாட்டமும் மிக்கவை. ஃபிராகொனார் 1767இல் தீட்டிய ஊஞ்சலாடும் பெண்ணின் ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும். இதற்கு மாறாக, ஹெர்குலேனியம் (1738), பொம்பேயி (1748) ஆகிய புதையுண்ட நகரங்களின் அகழ்வுகளும், கிரேக்கக் கலை குறித்து வின்கெல்மன் 1755இல் வெளியிட்ட நூலும் பழமையின்பால் புதிய வேட்கையைத் தூண்டின. ஜாக் லூயி டேவிட் ரோமில் தீட்டி 1785ஆம் ஆண்டுச் சலோனில் வைத்த 'ஹொரேஷியர் சூளுரை' இவ்வேட்கையின் உச்சம். நவசெவ்வியல் என்னும் பெயரோ பின்வந்தோர் இட்டது. டேவிட் அதனை அறியார்.

அதே டேவிட் 1793இல் மன்னருக்கு மரணதண்டனை விதிக்கக் கோரி வாக்களித்தார். அவ்வாண்டே அரசக் கழகமும் கலைக்கப்பட்டது. ஜூலை 13ஆம் நாள் புரட்சித் தலைவர் மரா குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட, சில மாதங்களுக்குள் டேவிட் அக்காட்சியை ஓவியமாக்கினார். எழுதுபலகையாகப் பயன்பட்ட மரப்பெட்டியையும் கையிலிருந்த கடிதத்தையும் காட்டியவர், மராவின் தோல்நோயை மட்டும் காட்டாது விடுத்தார். பழமை போற்றும் செவ்வியலாளர் எனப் பாடநூல்கள் குறிக்கும் ஒருவர் தீட்டியது தம் நண்பரின் கொலை. அதுவும் அன்றைய செய்தி.

புனைவியலாளரின் கள ஆய்வு

1816இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் மெடூசா மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் தரைதட்டியது. பல்லாண்டுகள் கப்பல் செலுத்தாத ஒருவர், அரச ஆதரவாளர் என்பதனால் தலைவராக்கப்பட்டிருந்தார். மீட்புப் படகுகளில் இடம் பெறாத ஏறத்தாழ 147 பேர் ஒரு தெப்பத்தில் விடப்பட்டனர். 13 நாள்களுக்குப் பின் உயிருடன் கண்டெடுக்கப்பட்டோர் 15 பேர். இக்கொடுமையைத் தியோடர் ஜெரிக்கோ 1819ஆம் ஆண்டுச் சலோனில் ஏறத்தாழ 7 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட ஓவியமாகக் காட்சிக்கு வைத்தார். கண்காட்சிப் பட்டியல் அதற்கு இட்ட தலைப்பு 'கப்பற்சேதக் காட்சி' என்பது மட்டுமே. அரசுக்குச் சங்கடம் தரும் கப்பலின் பெயர் அதில் இல்லை.

இவ்வோவியம் புனைவியலின் தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. ஆயின் ஜெரிக்கோ அதனைத் தீட்டிய முறையைக் காண்க. உயிர் பிழைத்தோரைச் சந்தித்து விவரம் கேட்டார். அவர்களுள் ஒருவரான தச்சரைக் கொண்டு தெப்பத்தின் மாதிரி ஒன்றைச் செய்வித்தார். மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளையும் பிணங்களையும் பார்த்து வரைந்தார். புனைவு என்னும் சொல்லை வைத்துக்கொண்டு இதனை எங்ஙனம் விளக்குவது? நாட்டுமொழிகளில் வழங்கிய இடைக்காலக் கதைகளின் பெயரிலிருந்து பிறந்த ஐரோப்பியச் சொல்லுக்குப் புனைவியல் என்பது பழுதற்ற பெயர்ப்பே. கற்பனாவாதம் என்பதும் அவ்வாறே. எனினும், அச்சொற்களைக் கேட்கும் மாணவர் மெய்க்கு எதிரான ஒன்றையே எண்ணுகின்றனர். ஜெரிக்கோவின் புதுமை கற்பனையில் இல்லை. வீரர்க்கும் அரசர்க்கும் உரிய பேரளவை, அரசால் கைவிடப்பட்ட பெயரறியாத மாந்தர்க்கு அளித்ததே அவர் செய்த கலகம்.

1824ஆம் ஆண்டுச் சலோனில் டெலக்ரூவாவின் 'கியோஸ் படுகொலை'யும் ஆங்கிரின் 'பதின்மூன்றாம் லூயியின் நேர்த்திக்கடன்' ஓவியமும் ஒருங்கே இடம்பெற்றன. வண்ணத்திற்கும் கோட்டிற்குமான போர் என்று திறனாய்வாளர்கள் இதனைப் பெரிதுபடுத்தினர். ஆங்கிர் 1867 வரை வாழ்ந்து தீட்டிக்கொண்டிருந்தார் என்பதையும், டெலக்ரூவா பலமுறை முயன்று 1857இல் கலைக்கழகத்தில் இடம்பெற்றார் என்பதையும் நோக்க, ஓர் இயம் முடிந்தபின் மற்றோர் இயம் தொடங்கியது என்னும் கால அட்டவணை எத்துணைப் பொய்யானது என்பது புலனாகும்.

கதவில் தொங்கிய பெயர்

குர்பே 1850 டிசம்பர் இறுதியில் தொடங்கிய சலோனில் 'ஓர்னான் அடக்கம்' என்னும் ஓவியத்தை வைத்தார். தம் சிற்றூரில் நிகழ்ந்த ஓர் இறுதிச்சடங்கை, நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்மக்களுடன், ஆளுயர உருவங்களாக, 6 மீட்டருக்கும் மிக்க அகலத்தில் தீட்டியிருந்தார். எதிர்ப்பு எழுந்தது. வேளாண்குடியினரைத் தீட்டியதற்காக மட்டும் எழுந்த எதிர்ப்பன்று அது. சிறு ஓவியங்களில் அவர்கள் முன்னரும் வந்துள்ளனர். படிநிலையில் கீழுள்ள பொருளுக்கு மேலுள்ளதன் அளவு தரப்பட்டதே பொறுக்கப்படவில்லை.

1855ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியின் நடுவர்கள் இவ்வோவியத்தையும் 'ஓவியரின் பணிக்கூடம்' என்பதையும் ஏற்க மறுத்தபோது, குர்பே அருகிலேயே தம் சொந்தச் செலவில் ஒரு கூடம் எழுப்பி 'நடப்பியல்' என்னும் பெயரில் கண்காட்சி நடத்தினார். 1830ஆம் ஆண்டைச் சேர்ந்தோர்மீது புனைவியலாளர் என்னும் பட்டம் சுமத்தப்பட்டது போலவே தம்மீது இப்பட்டம் சுமத்தப்பட்டது என்று அதன் குறிப்பேட்டில் அவரே எழுதினார். மேலும், 'பணிக்கூடம்' ஓவியத்தை மெய்யான உருவகம் என்று அவர் குறித்துள்ளமையும் நோக்கத்தக்கது. உள்ளதை உள்ளவாறு காட்டுதல் என்னும் வரையறைக்குள் உருவகம் அடங்காது.

மனமா, கண்ணா?

1863இல் நடுவர் குழு தனக்கு வந்த ஏறக்குறைய 5000 படைப்புகளுள் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தள்ளியது. முறையீடுகள் மிகவே, மறுக்கப்பட்டோர்க்கெனத் தனிக் கண்காட்சி நடத்த மூன்றாம் நெப்போலியன் ஆணையிட்டார். மனேயின் 'புல்வெளியில் பகலுணவு' அங்கேயே எள்ளி நகையாடப்பட்டது. மறுக்கப்பட்டவற்றை மக்கள் தாமே மதிப்பிடலாம் என்னும் எண்ணம் நடுவரின் முழுமையான ஆட்சியை அசைத்தது.

1874 ஏப்ரல் 15இல் மொனே, டேகா, ரெனுவார், பிசாரோ, மொரிசோ முதலிய ஏறத்தாழ 30 பேர், புகைப்படக் கலைஞர் நாடாரின் முன்னாள் பணிக்கூடத்தில் நடுவரின்றியே கண்காட்சி தொடங்கினர். லூயி லெருவா என்னும் எழுத்தாளர் மொனேயின் லெ ஆவ்ர் துறைமுக ஓவியத்தின் தலைப்பிலிருந்த 'பதிவு' என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஓர் அங்கத இதழில் அவர்களைப் பதிவாளர்கள் என்று கேலி செய்தார். கேலியே பெயராயிற்று. டேகா அப்பெயரை இறுதிவரை வெறுத்தார். மனே அவர்களுடைய கண்காட்சிகளில் ஒருமுறையும் பங்கேற்றதில்லை.

தமிழில் இதனை மனப்பதிவியல் என்கிறோம். ஓவியர் வழக்கில் அச்சொல் முதல் நோக்கில் விரைந்து தீட்டிய, இன்னும் முடிவுறாத வடிவத்தையும் குறித்தது. தூரிகைத் தடம் தெரியாவண்ணம் மெருகேற்றுவதே கழகத்தின் நெறி என்பதனால், முடிவுறாததை முடிந்ததாகக் காட்சிக்கு வைத்ததே குற்றமாயிற்று. இங்குப் பதிவது ஒளி, பதிவுறுவது கண். நீர்மேல் பட்ட ஒளி ஒரு நொடியில் எங்ஙனம் தோன்றியது என்பதே மொனேயின் வினா. மனம் என்னும் முன்னடை மாணவரை உளவியல் நோக்கித் திருப்பிவிடுகிறது. ஒளிப்பதிவு என்னும் சொல்லைத் திரைப்படத்துறையினர் எடுத்துக்கொள்ளாதிருப்பின் அதனையே பரிந்துரைத்திருப்பேன்.

இம்மாற்றத்தில் பொருள்களுக்கும் பங்குண்டு. பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைக்கப்பட்ட வண்ணம் எளிதில் உலரும். எடுத்துச் செல்லவும் இடர்தரும். 1841இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய தகரக் குழாய் வந்தபின், வண்ணங்களைப் பையிலிட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்ல முடிந்தது. அடுத்தடுத்து நிற்கும் வண்ணங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்னும் வேதியியலாளர் செவ்ரூலின் 1839ஆம் ஆண்டு நூலும் ஓவியர்க்குத் துணைநின்றது. கொள்கை விளக்க நூல்கள் இத்தகைய செய்திகளைக் கூறுவதில்லை.

1881இல் பிரெஞ்சு அரசு சலோன் பொறுப்பிலிருந்து விலகியது. 1884இல் நடுவரும் பரிசும் அற்ற தற்சார்புக் கலைஞர் சங்கம் தோன்றியது. 1886இல் பதிவியலாளரின் எட்டாவதும் இறுதியுமான கண்காட்சியில் சேராவின் 'கிராண்ட் ழாத் தீவில் ஞாயிறு பிற்பகல்' இடம்பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் கவிஞர் மொரேயாஸ், பாரிசின் நாளிதழ் ஒன்றில் குறியீட்டியல் அறிக்கையைத் தாமே வெளியிட்டார். அதற்குமுன் சலோன் பூசலில் பிறர் இட்ட பெயரைச் சுமந்தவர்களே மிகுதி. 1909இல் எதிர்காலவியலாளர் செய்தது போல, அதன்பின் பலர் பெயரை முதலில் அறிவித்துவிட்டுப் படைப்பைப் பின்னர் தந்தனர்.