ஒரு வெறுப்பு வீடியோ பார்த்தால், அடுத்ததும் ஏன் அதுபோலவே வருகிறது?

வில்லியனூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செல்போனில் ஓர் ஆவேசப் பேச்சை முழுதாகப் பார்க்கிறீர்கள். உடனே அதேபோல இன்னொன்று வருகிறது. எப்படி?

பாகூர் வயலில் தண்ணீர் ஒருமுறை ஓடிய தடத்திலேயே மறுமுறையும் ஓடும், தடம் ஆழமாகும். அதுபோலத்தான், நீங்கள் எந்த வீடியோவில் அதிக நேரம் நின்றீர்கள் என்று செயலி கவனிக்கிறது. அதையே மேலும் தருகிறது. கோபமும் பயமும் நம்மை எளிதில் நிறுத்திவைக்கும்.

தீவிரவாதிகள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதலில், ‘நம்மவர்களுக்கு ஆபத்து’ என்று பொது வீடியோ. பிறகு தனிக் குழு. அங்கே மறுத்துப் பேச ஆளில்லை.

இலங்கையில் சஹ்ரான் ஹாஷிம் என்ற தீவிரவாதி தன் தமிழ்ப் பேச்சுகளை ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பரப்பினார். 2019 ஏப்ரல் 21-ல் அவரது கும்பல் நடத்திய குண்டுவெடிப்புகளில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாட்டில் 2018-ல் திகன என்ற ஊரில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறைக்கும் ஃபேஸ்புக் பதிவுகள் தூபம் போட்டன.

வெறுப்பு வீடியோ வந்தால் முழுதாகப் பார்க்காதீர்கள், பகிராதீர்கள். ரிப்போர்ட் செய்யுங்கள்.