விளையாட்டு டாங்கியைக் காட்சிப் பொருளாக்குதல்

வானொலி அலையால் இயங்கும் விளையாட்டு டாங்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது புதுப்பாத்திரம் போலப் பளபளக்கும். சில மாதங்கள் ஓடிய பின்னர்ப் பற்சக்கரம் தேய்ந்தோ மின்னோடி எரிந்தோ நின்றுவிடும். அதன்பின் கட்டிலுக்கடியில் கிடப்பதே அதன் கதி. பெற்றோர் தம் சம்பளத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்து வாங்கித் தந்த பொருள் அவ்வாறு குப்பைக்குப் போவது முறையன்று. ஓடாத டாங்கியையும் பள்ளிக் கண்காட்சியில் வைக்கத்தக்க மாதிரியுருவாக மாற்றலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும் கூர்ந்து நோக்கும் கண்ணும் வேண்டும். எங்கள் கைவினைக் கழகத்தில் கைக்கொள்ளும் முறையை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

தூரிகையைக் கையில் எடுக்குமுன் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. இஃது எந்த டாங்கி? எந்த நாட்டில், எந்த ஆண்டில் நின்ற டாங்கி? இதற்கு விடை இல்லாமல் சாயம் பூசினால் பொம்மை வேறு நிறப் பொம்மையாகுமே தவிர மாதிரியுரு ஆகாது.

கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது, பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த ‘டைகர்’ டாங்கி. இரண்டாம் உலகப் போரில் செருமானியர் 1942 முதல் 1944 வரை கட்டியது இது. ஐவர் அமர்ந்து செலுத்தும் இதன் எடை ஏறத்தாழ 57 டன்; பீரங்கிக் குழாயின் விட்டம் 88 மில்லிமீட்டர். இவற்றுள் 131 என்னும் எண் பெற்ற டாங்கியை நாங்கள் தேர்ந்தோம். 1943 ஏப்ரலில் வட ஆப்பிரிக்காவின் துனிசியாவில் பிரிட்டிஷ் படையினர் அதனைக் கைப்பற்றினர். எதிரியின் குண்டு ஒன்று பீரங்கிக் குழாயின் அடியில் பட்டுத் தெறித்துச் சுழல் கோபுரத்தைத் திரும்ப முடியாமல் இறுக்கிவிட்டது. உள்ளிருந்தோர் டாங்கியைக் கைவிட்டு வெளியேறினர். அது இன்று இங்கிலாந்தில் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ளது. பல்லாண்டு உழைத்து அதனை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றனர். படங்கள் எளிதில் கிடைப்பதால் பார்த்துச் செய்ய ஏற்றது.

இந்தத் தேர்வு பல ஐயங்களைத் தாமே தீர்த்துவிடும். செருமானிய டாங்கிகள் சிலவற்றின் மேல் சீப்பால் வாரியது போன்ற வரிவரியான பூச்சு ஒன்றைக் காணலாம். ‘சிம்மெரிட்’ எனப்படும் அப்பூச்சு, காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாமலிருக்கப் பூசப்பட்டது. அழகாக இருக்கிறதென்று மாணவர் பலர் மாவுப் பசையால் அதனைச் செய்ய விரும்புவர். ஆயின் அப்பூச்சு தொழிற்சாலைகளில் வழக்கத்திற்கு வந்தது 1943-இன் பிற்பகுதியில். துனிசியப் போரோ அவ்வாண்டு மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. எனவே 131-க்கு அது பொருந்தாது.

சக்கரங்களும் அவ்வாறே. தொடக்கக் காலத்து டைகரில் பக்கத்திற்கு 24 ஆக மொத்தம் 48 சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரப்பர். போர்க்காலத்தில் செருமனிக்கு இயற்கை ரப்பர் கிடைப்பது அரிதாயிற்று; செயற்கை ரப்பரை நம்பியே பெரும்பாலும் காலந்தள்ள நேர்ந்தது. 1944-இன் தொடக்கத்தில் எஃகு விளிம்புச் சக்கரங்கள் வந்தன. அவற்றில் ரப்பர் உள்ளே சிறிதளவே வைக்கப்பட்டது. சக்கரங்களின் தொகையும் 32 ஆகக் குறைந்தது. நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. ரப்பரின் அருமை அவர்கள் அறிந்ததே. ஆதலின் உங்கள் பொம்மையில் எஃகுச் சக்கரம் இருப்பின் 131-ஐ விட்டு 1944-ஆம் ஆண்டு டாங்கி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்குச் சிம்மெரிட்டும் பெரும்பாலும் பொருந்தும்.

இனி அளவு. எதைச் செய்தாலும் பதினாறால் பெருக்கிப் பாருங்கள். மாதிரியில் 5 மில்லிமீட்டர் சாயம் உரிந்ததாகக் காட்டினால், உண்மையில் 8 சென்டிமீட்டர் உரிந்ததாகப் பொருள். ஒரு மில்லிமீட்டர் மணல், பதினாறு மில்லிமீட்டர் சரளைக்கல்லாகிவிடும். ஆகவே துணியில் சலித்த நுண்தூளையே புழுதிக்குப் பயன்படுத்த வேண்டும். எடைக்குக் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 16-ஐ மும்முறை பெருக்கி, 4096-ஆல் வகுக்க வேண்டும். 57 டன்னை அவ்வாறு வகுத்தால் ஏறத்தாழ 14 கிலோ வரும். பொம்மையோ மூன்று நான்கு கிலோவே இருக்கும். அதனால்தான் அது வில்களின் மேல் நிமிர்ந்து நின்று பாரமற்றதாகத் தோன்றுகிறது. உடற்பகுதிக்குள் இரும்புத் துண்டுகளைத் துணியில் சுற்றி வைத்தால் சற்றே அமிழ்ந்து உண்மைத் தோற்றம் பெறும். உண்மை டைகரின் சங்கிலி மேற்பக்கத்தில் சக்கரங்களின் மேல் தொய்ந்து கிடக்கும். பொம்மையின் சங்கிலி விறைப்பாக இருந்தால் கண்ணி ஒன்றைக் கூட்டித் தளர்த்துங்கள்.

பிரிக்கும்போது அவசரம் கூடாது. சுழல் கோபுரத்திலிருந்து உடற்பகுதிக்கு மின்கம்பிகள் செல்லும். வெடுக்கென இழுத்தால் அறுந்துவிடும். பழைய பொம்மைகளில் உள்ள நீண்ட உணர்கம்பி அழகைக் கெடுக்கிறதென்று வெட்டிவிடாதீர்கள். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதைப் பற்றக் கம்பியும் ஓரளவு நீண்டிருக்க வேண்டும். ஓடும் டாங்கியாயின் அதைக் கழற்றி எடுத்து வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் புதியவற்றில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டரே ஆகையால் சிறு கம்பி உள்ளேயே அடங்கிவிடும். பிளாஸ்டிக் குண்டு எறியும் பொறி இருப்பின் அகற்றிவிடுக; கண்காட்சிக்குச் சிறு பிள்ளைகளும் வருவர். கத்தி பிடிக்க வேண்டிய வேலையைப் பெரியவர் ஒருவர் அருகிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

பின்னர்ப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி உலர்த்தி, பிளாஸ்டிக் இணைப்புக் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மங்கல் சாயத்தை மெல்லியதாக இருமுறை பூசுங்கள். எண்ணை ஒட்டுப்படமாக ஒட்டாமல், தாளில் வெட்டிய அச்சுவழியே சிவப்பில் எழுதி, ஓரத்தில் வெள்ளைக் கோடு இடுக.

தேய்மானமும் அழுக்கும் எங்கே வரும் என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டா. தோட்டத்து டிராக்டரைச் சென்று பாருங்கள். ஏறி இறங்கும் படியில் சாயம் தேய்ந்திருக்கும். கைப்பிடி பளபளக்கும். எண்ணெய் ஊற்றும் வாயைச் சுற்றிக் கறை படிந்திருக்கும். சக்கரத்தின் உட்புறம் சேறு அடைந்திருக்கும். கூரையின் மேலோ மழை கழுவிய புழுதிக் கோடுகளே இருக்கும். டாங்கியிலும் அவ்வாறே: வீரர் ஏறும் மூடியோரத்தில் தேய்மானம், புகைக்குழாயில் துரு, ஓடும் சங்கிலியில் மெருகேறிய இரும்பு. ரப்பர் விளிம்பு துருப்பிடிக்காது; மங்கிய சாம்பல் கருமையே அதற்கு ஏற்றது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நம் ஊர்ச் செம்மண்ணை அள்ளிப் பூசிவிடலாகாது. துனிசியப் புழுதி வெளிறியது.

குண்டு பட்ட வடுவைக் குழாயின் அடியில் சிறிதாகக் குடைந்து காட்டுகிறோம். அழகான பொம்மையை ஏன் சேதப்படுத்த வேண்டும் என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. டாங்கி என்பது அழகுப் பொருள் அன்று. இந்நாட்டு முதியோர் அதனை அறிவர். 1942 சனவரி 7-ஆம் நாள் விடியுமுன், சப்பானிய டாங்கிகள் ட்ரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் நோக்கி நெடுஞ்சாலை வழியே பாய்ந்து வந்தன. எதிர்நின்ற 11-ஆம் இந்தியப் படைப்பிரிவிடம் ஒரு டாங்கியும் இல்லை. காலை முற்றுமுன் பாலமும் போயிற்று. நான்கே நாளில், 11-ஆம் தேதி, கோலாலம்பூர் வீழ்ந்தது. டைகருக்கும் அப்போருக்கும் தொடர்பில்லை எனினும், கண்காட்சியைக் காண வரும் தாத்தா பாட்டிமார் தம் பெற்றோர் சொல்லக் கேட்டதை இவ்வுருவைக் கண்டு நினைவுகூர்வர். ஆகவே வடுவின்றிப் புத்தம் புதிதாக நிறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

மேடைக்குப் பலகைத் துண்டு போதும்; வெளிறிய மணலும் காய்ந்த புல்லும் ஒட்டுங்கள். அருகில் களிமண்ணால் 10 சென்டிமீட்டர் உயர மனித உரு ஒன்றை நிறுத்தினால் டாங்கியின் பருமன் பார்ப்பவர்க்கு உடனே விளங்கும். மின்கலங்களைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். நாட்பட்டால் அவை கசிந்து உள்ளிருக்கும் செம்புத் தகடுகளை அரித்துவிடும். முன்னே ஓர் அட்டையில் டாங்கியின் பெயர், எண், கைப்பற்றிய இடம், ஆண்டு, உள்ளே இருந்தோர் ஐவர் என்பது, அது எந்தப் படைக்காகப் போரிட்டது என்பது ஆகியவற்றை மாணவரே தம் கையால் எழுதி வைக்கட்டும்.