பூண்டி மாட்டுக்கும் ஒரு கணக்கு

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர், கவுஞ்சி வழியே போனால் வரும் பூண்டியில் மாடு பாலுக்கும் வேண்டும், பூண்டு வயலின் எருவுக்கும் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் மண் இது. வீட்டுக்கு ஓரிரு மாடு கட்டும் இடத்தில் கணினி எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் அது அதிகம் வேண்டும் என்பேன். ஒரு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு பருவம் தவறினாலும் பெரிய இழப்பு. பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது; அந்த வேட்கை ஒரு நாள்கூட நீடிப்பதில்லை, பல நேரம் இரவில் வந்து போய்விடுகிறது. சினை ஊசி தவறினால் மூன்று வாரத் தீவனம் வீண். பெரிய பண்ணைகளில் மாட்டின் கழுத்துப் பட்டையிலுள்ள உணர்கருவி, நடை கூடுவதையும் அசைபோடுவது குறைவதையும் கண்டு கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது.

ஆனால் பட்டை விலை கூடியது, மலையில் சிக்னலும் நம்பமுடியாதது. அதனால் தரவே வேண்டாம் என்பது சரியல்ல. அரசு மாட்டுக்கு மாட்டும் காதுத்தோட்டின் 12 இலக்க எண்ணில் சினை ஊசி, தடுப்பூசி, கன்று, பால் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிய முடியும். மாட்டைத் தினம் பார்ப்பவருக்கு இது எதற்கு என்பார்கள். அவர் கண் இன்றைய நோயை முதலில் காணும், அதில் எந்தக் கருவியும் அவருக்கு ஈடில்லை. ஆனால் இந்த மாட்டின் தாய் எத்தனை மாத இடைவெளியில் ஈன்றது என்பதை, அந்தத் தாய் வேறு வீட்டில் வளர்ந்திருந்தால், எந்தக் கண் சொல்லும்? 1965 முதல் மன்னவனூரில் இயங்கும் மத்திய ஆட்டு ஆராய்ச்சி மையம் செம்மறிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது இத்தகைய பதிவேடுகளை வைத்துத்தான்.

தீவனத்திலும் இதே கதை. மாட்டின் எடை, பால், கொழுப்பு, கையிலுள்ள புல், பிண்ணாக்கு ஆகியவற்றைக் கொடுத்தால் செலவு குறைந்த கலவையைக் கணித்துத் தரும் மென்பொருளைத் தேசியப் பால்வள வாரியம் ஊர்களுக்குக் கொண்டுபோனது. பலரிடம் தீவனச் செலவு குறைந்தது. சத்து சமச்சீரானதால் லிட்டர் பாலுக்கு மாடு ஏப்பமாக விடும் மீத்தேனும் குறைந்தது. புவி வெப்பத்தைக் குறைக்க ஏழை விவசாயி எதையும் இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்படிப் பதியும் தரவு அரசிடம் போய்த் திரும்பி வராமலே கிடப்பதுதான் உண்மையான குறை. விவசாயிக்குத் திரும்பாத பதிவு அவருக்குச் சுமையே. ஆகவே ஊசி போட வருபவரிடம் தாயின் எண்ணையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள்; அடுத்த பருவ நாளைக் குறித்துக் கேட்டு வாங்குங்கள்.