குளத்தைக் காக்கும் கைகள்

நகரை விட்டு விலகிய நீச்சல் குளங்களுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஏன் இன்றியமையாதவர்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்கள் பல, கர்ஜத், லோனாவாலா, அலிபாக் எனப் புறப்பட்டுவிடுகின்றன. பண்ணை வீடாயினும் சிறு விடுதியாயினும், பிள்ளைகள் முதலில் தேடுவது அங்குள்ள நீச்சல் குளத்தைத்தான். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளிற் பலர் நீச்சல் அறியாமலே மாநகரில் வளர்கின்றனர். எனவே, இடுப்பளவு நீரும் அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி உயிரிழப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகள் காட்டுகின்றன. நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான செயல்திட்ட வரைவு ஒன்றை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. ஆறும் ஏரியும் இயற்கையின் கொடை. நீச்சல் குளமோ நாமே கட்டியது. அங்கே நேரும் உயிரிழப்புக்கு நாம்தான் பொறுப்பேற்க வேண்டும்.

தொலைவு தரும் இடர்

செம்பூரில் உள்ள ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம் போன்ற மாநகராட்சிக் குளத்தில் விபத்து நேர்ந்தால் மருத்துவமனை அருகிலேயே உண்டு. மலையடிவாரப் பண்ணை வீட்டில் நிலைமை வேறு. தோட்டத்தைப் பார்ப்பவரே பெரும்பாலும் குளத்தையும் பார்க்கிறார். மூச்சு நின்ற நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிப்படையத் தொடங்குகிறது. 108 ஊர்தி மலைப்பாதை ஏறி வருவதற்குள் அந்நேரம் கடந்துவிடும். அங்கே மருத்துவரும் மீட்பரும் அந்தப் பணியாளரே.

பயிற்சியின் மூன்று பாடங்கள்

முதலாவது, கண்காணிப்பு. மூழ்குபவர் பெரும்பாலும் கூக்குரல் எழுப்புவதில்லை. ஓசையின்றி நீருக்குள் அமிழ்கிறார். பத்து நொடிக்கு ஒருமுறை குளம் முழுவதையும் கண்ணால் அளந்து, அடுத்த இருபது நொடிக்குள் ஆபத்தில் உள்ளவரை அடைய வேண்டும் என்பது உலகெங்கும் கற்பிக்கப்படும் நெறி. குதிப்பதற்கு முன், கழியையோ மிதவையையோ நீட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உயிர்மீட்பு. வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றுவதும் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் நம் ஊர்களில் இன்றும் காணப்படும் தவறான வழக்கங்கள். மூழ்கியவருக்குத் தேவை காற்று. அவர் மூச்சின்றிக் கிடந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பின்னர் 30 முறை மார்பை அழுத்துதல், 2 முறை மூச்சு ஊதுதல் என மாறிமாறித் தொடர வேண்டும். நூலைப் படித்து மட்டும் இதனைக் கற்க இயலாது. பயிற்சிப் பொம்மையின் மீது கை பழக வேண்டும்.

மூன்றாவது, நீரின் தூய்மை. நீரின் பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருத்தல் நலம். அது 8-ஐத் தொட்டால், கரைந்துள்ள குளோரினில் ஏறத்தாழக் கால் பங்கே கிருமிகளைக் கொல்லும் வடிவில் எஞ்சும். மருந்தை எவ்வளவு கொட்டினாலும் பயன் குறைவே. பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். காற்றோட்டமற்ற பம்பு அறையில் அது பணியாளரின் உயிரையே பறிக்கக்கூடும்.

பாலைவனத்தில் ஒரு பாடம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து 1,000 கி.மீ.-க்கும் அப்பால் உள்ளது ஜிகலாங் என்னும் பழங்குடியினர் ஊர். அங்கும் பர்ரிங்குராவிலும் 2000-இல் நீச்சல் குளங்கள் திறக்கப்பட்டன. கட்டியதோடு விட்டுவிடாமல், உயிர்காப்புச் சங்கத்தின் பயிற்சி பெற்ற மேலாளர்களிடம் அவற்றை ஒப்படைத்தனர். பள்ளிக்கு வராத பிள்ளைக்குக் குளத்தில் இடமில்லை என்ற விதியும் இருந்தது. பதினெட்டு மாதங்களில் குழந்தைகளிடையே சீழ்ப்புண் ஓர் ஊரில் 62 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும், மற்றோர் ஊரில் 70-லிருந்து 20 ஆகவும் குறைந்ததை 2003-இல் வெளியான மருத்துவ ஆய்வு பதிவு செய்தது. பராமரிக்கப்படாத குளம் நோயைப் பரப்பும். முறையாகப் பராமரிக்கப்பட்ட குளமோ நோயைக் குறைத்தது.

முதலீட்டின் ஒரு பகுதி

நம் நாட்டிலும் கற்க இடமுண்டு. கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சி அளிக்கிறது. புணேயில் ராஷ்ட்ரிய உயிர்காப்புச் சங்கம் உள்ளது. நீந்தத் தெரிந்த இளைஞர்களுக்கு இது மதிப்புமிக்க தொழிலாகவும் அமையும்.

விடுதி கட்ட முனையும் தொழில்முனைவோர் ஓடு, பம்பு, வடிகட்டி ஆகியவற்றின் விலையைத் திட்ட மதிப்பீட்டில் எழுதுகின்றனர். பணியாளர் பயிற்சிக்கும் அதில் ஒரு வரி வேண்டும். கற்றது சில மாதங்களில் மறந்துபோகும் என்பதால், ஆண்டுதோறும் மறுபயிற்சிக்கும் நிதி ஒதுக்குதல் வேண்டும்.

முன்பதிவுக்கு முன் கேட்போம்

• குளத்தருகே பயிற்சி பெற்ற பணியாளர் எந்நேரமும் இருப்பாரா?
• மீட்புக் கழி, மிதவை, முதலுதவிப் பெட்டி உள்ளனவா?
• ஆழம் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா? அடித்தரை கண்ணுக்குத் தெரிகிறதா?
• அடியிலுள்ள உறிஞ்சுகுழாய்க்கு உறுதியான மூடி உண்டா?
• அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு?

அறைக்கட்டணத்தை விசாரிக்கும்போதே இவற்றையும் நாம் விசாரித்தால், விடுதியாளர்களும் பயிற்சிக்கு உரிய இடத்தை அளிப்பர். பயிற்சி பெற்றவர் உடனிருந்தாலும், நம் பிள்ளைகள் நீரில் உள்ளவரை நம் கண்கள் அவர்கள் மீதே இருக்கட்டும்.