இரும்புக்கையும் இடியும் சுவரும்

"படக்கதையா? பால்மணம் மாறாத பிள்ளைகள் படிப்பதாயிற்றே! சங்கத்திலே சந்தா கட்டுகிறவன், பொதுக்கூட்டத்திலே முன்வரிசையில் நிற்கிறவன், மீசை நரைத்தவன் - அவனுக்கு எதற்கு இந்தப் பொம்மைப் புத்தகம்?" என்று கேட்கிறார்கள் சிலர். மயிலாப்பூர் மாடவீதியிலே கேட்கிறார்கள். தியாகராய நகரிலே கேட்கிறார்கள். பட்டினப்பாக்கத்திலே கேட்பாரில்லை! கரை திரும்பி, வலையை உதறிப் போட்டுவிட்டு, டீக்கடைப் பலகையிலே உட்கார்ந்த உழைப்பாளி, தினத்தந்தியை விரித்ததும் முதலில் தேடியது தலையங்கத்தையா? இல்லை. கன்னித்தீவை!

1960-ல் தொடங்கியது அந்தப் படக்கதை. மூசா என்றொரு மந்திரவாதி. அவனால் உருவம் சிறுத்துப்போன லைலா. அவளை மீட்கப் புறப்பட்ட சிந்துபாத். நாளொன்றுக்கு இரண்டு மூன்று கட்டம், அவ்வளவுதான் கதை! தாத்தா பார்த்தார், தகப்பன் பார்த்தான், பேரன் பார்த்தான். சிந்துபாத் கரை சேர்ந்தபாடில்லை. வழக்கு வாய்தாவிலே இழுத்தடிக்கிறதா? 'கன்னித்தீவு' என்கிறான் தமிழன். பாலம் கட்டி முடியவில்லையா? 'கன்னித்தீவு' என்கிறான். மக்கள் பேச்சிலே பழமொழியாகப் புகுந்து உட்கார்ந்த கதை அது. பண்டிதர் பலர் பாடுபட்டு எழுதிய பாடல்களுக்குக் கிட்டாத பேறு, சலூன் கடைக் கண்ணாடிக்கு எதிரே வாசிக்கப்பட்ட அந்தக் கட்டங்களுக்குக் கிட்டிற்று. இதைக் கேலி செய்பவர்களை நாம் கோபிப்பதில்லை. பாவம், அவர்கள் சலூனிலே காத்திருந்து பழகாதவர்கள்!

கேலி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. 1954-ல் அமெரிக்க செனட்டே ஒரு துணைக்குழுவை உட்காரவைத்து, படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா என்று விசாரித்தது. அதன் விளைவாகப் பதிப்பாளர்களே பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பைப் பூட்டிக்கொண்டனர்.

ஏன் பயந்தார்கள் பெரிய மனிதர்கள்? பேயும் பிணமும் கொலையும் நிறைந்த ஏடுகள்தாம் காரணம் என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பே அந்தக் கட்டங்களுக்குள்ளே வேறொன்றும் நடந்திருந்தது என்பதை நம் தோழர்கள் அறிய வேண்டும்.

1938-ல் பிறந்தான் சூப்பர்மேன். பெற்றவர்கள் இருவர்: ஜெர்ரி சீகல் எழுதினார், ஜோ ஷஸ்டர் வரைந்தார். பிழைப்புத் தேடிக் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டிய காலம் அது. அந்த முதலாண்டுச் சூப்பர்மேன், விண்ணிலிருந்து வந்த வில்லன்களோடு மோதவில்லை. பிறகு என்ன செய்தான்? சுரங்கம் ஒன்று சரிந்து தொழிலாளி உள்ளே அகப்பட்டுக்கொள்கிறான். பாதுகாப்புக்குப் பணம் செலவிட மறுத்தவர் சுரங்க முதலாளி. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேடம் பூண்டு வருகிறான். விருந்துக் கேளிக்கையில் திளைத்திருந்த முதலாளியையும் அவரது விருந்தினரையும் பட்டாடையோடு அதே சுரங்கத்துக்குள் இறங்கவைத்து, வாயிலை அடைத்துவிடுகிறான். அபாயச் சங்கு வேலை செய்யவில்லை! தூண்களிலே வலுவில்லை! அப்போதுதான் புரிகிறது அந்தக் கனவானுக்கு, சுரங்கம் என்றால் என்ன என்று. வேலைநிறுத்தமும் இல்லை, விசாரணைக் கமிஷனும் இல்லை. ஒரே ஒரு இரவு!

இன்னொரு கதை, 1939 ஜனவரி இதழிலே வந்தது. சேரியிலே வளர்ந்த சிறுவர்கள் திருட்டிலே சிக்குகிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதா, பிள்ளைகள் வளர்ந்த இருட்டுச் சந்துகளுடையதா என்று எண்ணுகிறான் சூப்பர்மேன். புயல் அடித்து அழிந்த ஊருக்கு அரசாங்கம் புதுவீடு கட்டிக் கொடுத்ததாகப் பத்திரிகையிலே செய்தி வருகிறது. 'ஓகோ, புயல் அடித்தால்தான் வீடா! சரி, நானே புயலாகிறேன்' என்று புறப்படுகிறான். குடியிருப்போரை வெளியேறச் சொல்லிவிட்டு, அந்தப் பாழடைந்த வீடுகளைத் தன் கையாலேயே தகர்த்துத் தரைமட்டமாக்குகிறான். படை வருகிறது, குண்டு வீசுகிறது; அந்தக் குண்டும் இடிக்கும் வேலைக்கே உதவுகிறது! கடைசியிலே அரசாங்கம் அங்கே புதிய அடுக்கு வீடுகளைக் கட்டிக் கொடுக்கிறது.

பட்டினப்பாக்கத்துத் தோழர் இந்தக் கதையைக் கேட்டால் என்ன கேட்பார்? "அடுக்கு வீடு கட்டினார்கள் சரி, அந்த வீட்டுச் சுவர் எத்தனை வருடம் நின்றது?" என்றுதான் கேட்பார்! அதற்கு மறுபடியும் வருவோம். முதலிலே சிவகாசிக்குப் போக வேண்டியிருக்கிறது.

பட்டாசு ஊர், தீப்பெட்டி ஊர், அச்சகங்களின் ஊர். அங்கிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் என்ற பெயரிலே புறப்பட்டது முதல் புத்தகம். கொண்டுவந்தவர் சௌந்தரபாண்டியன். புத்தகத்தின் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. 1962-ல் இங்கிலாந்தின் வாலியண்ட் என்ற வார இதழிலே தொடங்கிய தொடர் அது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் தூரிகை. கறுப்பும் வெளுப்பும்தான். ஆனால் அந்தக் கறுப்பிலே எத்தனை ஆழம், அந்த நிழலிலே எத்தனை அச்சம்! ஆங்கிலத்திலே 'எஃகு நகம்' என்று பொருள்படும் பெயர். அதை அப்படியே பெயர்க்காமல் இரும்புக்கை என்றும் மாயாவி என்றும் இரண்டு சொல்லைக் கோத்தார்களே, அதுதான் தமிழாக்கம்! மேனாட்டுச் சரக்கு என்று எவனும் எண்ணவில்லை. நம் தெருவிலே பிறந்தவன் போலத்தான் அவனைக் கொண்டாடினர்.

1984-ல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டிலே தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸும் வந்தது, ஜேம்ஸ்பாண்டைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு. மாடஸ்டி, மாண்ட்ரக், ரிப் கெர்பி, டெக்ஸ் வில்லர் - எத்தனை பேர் தமிழ் பேசினார்கள்! 1985-ல் தீயிலே வெந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளை அறிந்தவர்களுக்கு, படித்ததைக் கொடுத்துவிட்டுப் படிக்காததை வாங்கிக்கொள்ளும் சுகம் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறிய எத்தனையோ பேருக்கு, படம் பாதிப் பொருளைச் சொல்லிக் கொடுக்க, மீதிப் பொருளுக்காகத் தமிழ் எழுத்தைத் துரத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவை அந்த ஏடுகள்.

சரி, திரைக்கு வருவோம். சண்டையே இங்கேதான்.

விஞ்ஞானக் கதை என்றால் வெள்ளைக்காரனுக்கே உரியது என்று எண்ணுகிறவர்களுக்கு நாம் நினைவூட்டுகிறோம்: 1963-ல் வந்தது 'கலை அரசி'. காசிலிங்கம் இயக்கம். புரட்சி நடிகர் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக் கோளிலிருந்து பறக்கும் கலம் வருகிறது. அந்தக் கோளிலே விஞ்ஞானம் வானளாவ வளர்ந்திருக்கிறது. ஆனால் பாட்டு இல்லை! ஆகவே நம் ஊர்ப் பாட்டுக்காரியைத் தூக்கிச் செல்கிறார்கள், தங்கள் மக்களுக்கு இசை கற்பிக்க. மனிதன் நிலவிலே கால் வைத்தது 1969-ல். அதற்கு ஆறாண்டு முன்பே ஒரு தமிழ் உழவனை விண்கலத்திலே ஏற்றிவிட்டது கோடம்பாக்கம். அட்டையும் தகரமும் தெரிகிறதே என்று இன்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கருவைப் பாருங்கள்! 'எல்லாம் இருக்கிறது, பாட்டு இல்லை' என்று ஏங்கும் கோளைக் கற்பனை செய்ய ஒரு தனி நெஞ்சம் வேண்டும்.

பிறகு சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையிலே பங்கு கொண்டவர். 'என் இனிய இயந்திரா'விலே அவர் படைத்த ஜீனோ என்ற இயந்திர நாய், எத்தனையோ மனிதக் கதாபாத்திரங்களைவிட உயிரோட்டமாகப் பேசிற்று. அந்தக் கதையிலே நாட்டை ஆளும் சர்வாதிகாரி ஜீவா யார் என்று பார்த்தால், ஆளே இல்லை. ஒளியால் செய்த உருவம்! உருவத்துக்கே கும்பிடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது ஒரு தேசம். 1980-களிலே எழுதிய கதை. படித்துவிட்டு இன்றைய தேர்தல் மேடைகளை ஒருமுறை பாருங்கள்.

'எந்திரன்' 2010-ல் வந்தபோது சுஜாதா இல்லை, 2008-லேயே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் முத்திரை அங்கே உண்டு. எரிகிற குடியிருப்பிலிருந்து மக்களைத் தூக்கித் தூக்கி வெளியே கொண்டுவருகிறது சிட்டி என்ற இயந்திரம். குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து, கேமராக்கள் முன்னே நிறுத்திவிடுகிறது. உயிர் பிழைத்தாள், மானம் போயிற்று என்று ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். இயந்திரத்துக்கு வெட்கம் தெரியாது என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை. அந்தப் படத்தின் கடைசியிலே நூற்றுக்கணக்கான சிட்டிகள் பாம்பாகவும் பந்தாகவும் உருண்டு திரண்டார்களே, அது நமக்கு நினைவில்லை. குளியலறைப் பெண் நினைவிருக்கிறாள். கோடிகளை உலோகத்திலே கொட்டுகிற தயாரிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யோசித்தவர்களும் உண்டு, பக்கத்து மலையாளத்திலே. 2021-ல் வந்த 'மின்னல் முரளி'யிலே மின்னல் தாக்கி வல்லமை பெறுகிறவர்கள் இருவர். ஒருவன் தையற்காரன், மற்றவன் டீக்கடை வேலையாள். ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய அந்த இரண்டாமவனாக நடித்தவர் நம் கூத்துப்பட்டறையிலே பயின்ற குரு சோமசுந்தரம். வில்லனுக்காகக் கண்ணீர் விட்டது பார்த்த கூட்டம். 2012-ல் தமிழிலே மிஷ்கின் எடுத்த 'முகமூடி'க்கு ஏன் அது வாய்க்கவில்லை? முகமூடி நன்றாகத் தைக்கப்பட்டிருந்தது. அது எந்த முகத்தை மூடுகிறது என்பதுதான் தெரியவில்லை.

அதே மிஷ்கின் அமைச்சராக வந்து மிரட்டிய படம், 2023-ல் வெளியான 'மாவீரன்'. மடோன் அஸ்வின் இயக்கியது. நாம் சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான்.

கதாநாயகன் சத்யா யார்? பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன்! கன்னித்தீவின் வாரிசு! கையாலே வரைகிறான்; பெயர் இன்னொருவனுக்குப் போகிறது. தெருவிலே கண்ட அநியாயத்தையெல்லாம் காகிதத்திலே தன் மாவீரன் தட்டிக்கேட்பதாக வரைந்துவிட்டு, தெருவிலே தலைகுனிந்து நடக்கிற கோழை. குடிசைப் பகுதியிலிருந்து அவன் குடும்பத்தைக் கிளப்பி, 'மக்கள் மாளிகை' என்று பெயர் சூட்டிய அடுக்குமாடியிலே கொண்டுவிடுகிறார்கள். மாளிகை! கதவு கையோடு வருகிறது, சுவர் வெடிக்கிறது, மேற்பூச்சு உதிர்கிறது. மகன் வெடிப்பைப் பூசி மறைக்கிறான். பொறுத்துக்கொண்டு போகலாம் என்கிறான். தாயோ பொறுக்கமாட்டேன் என்று வாதாடுகிறாள். சரிதா அம்மையார் அந்தத் தாய்.

கற்பனை என்கிறீர்களா? 2021-ல் புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காவிலே, புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் பூச்சு விரல் பட்டதும் உதிர்ந்ததை நாடே பார்த்தது. பட்டினப்பாக்கத்துக்கு வாருங்கள். அடையாறு கடலிலே கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிச் சீனிவாசபுரம். 2004 டிசம்பரிலே ஆழிப்பேரலை வீடு புகுந்த இடம். உப்புக்காற்று நாள்தோறும் இரும்புக் கம்பியைத் தின்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்த கம்பி சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. 2024 டிசம்பரிலே, அங்குள்ள வாரியக் குடியிருப்பின் மாடியிலிருந்து சன்னலின் மேற்பலகை பெயர்ந்து விழுந்தது. கீழே ஓர் இளைஞர். உயிர் போயிற்று. எந்த மாவீரனும் பறந்து வந்து தாங்கிப் பிடிக்கவில்லை.

1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, ஓலைக்கூரையிலே தீப்பிடித்தால் தெருவே சாம்பலாகும் ஊராக இருந்தது சென்னை. காரை வீடு கட்டித் தந்தது பெரும்பணி. அதை நாம் மார்தட்டிச் சொல்லியிருக்கிறோம், இன்னும் சொல்வோம். மார்தட்டுகிறவன் சுவரையும் தட்டிப் பார்க்க வேண்டுமே! 2021-ல் வாரியத்தின் பெயர் மாறியது: 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்'. பெயரிலே குடிசை போயிற்று, நல்லது. சன்னலுக்கு மேலே இருக்கும் பலகைக்கு அந்தப் பெயர்ப்பலகை முட்டுக்கொடுக்குமா?

'மாவீரன்' மீது நமக்கு ஒரு வழக்கு உண்டு. சத்யாவுக்குத் துணிவு எங்கிருந்து வருகிறது? அவன் காதிலே ஒரு குரல் ஒலிக்கிறது, அண்ணாந்து பார்க்கிறான், அந்தக் குரல் சொன்னபடி கை ஓங்குகிறது. வேடிக்கைக்குச் சரி, கொட்டகை அதிரச் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு குரல் முதல் நாளிலிருந்து பேசிக்கொண்டிருந்ததே, தாயின் குரல்! அது காதிலே விழாதவனுக்கு வானத்துக் குரல் எதற்கு? அந்தக் கட்டடத்திலே குடியிருந்த அத்தனை குடும்பமும் ஒன்றாக இறங்கி வாயிலிலே உட்கார்ந்திருந்தால், அசரீரிக்கு வேலை ஏது? கட்டடம் சரிகிற காட்சியிலே படம் நம்மை நடுங்க வைத்தது உண்மை. அதற்கு முன்பே ஒரு சங்கம் கூடுகிற காட்சியை வைத்திருந்தால், படக்கதைக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழிலே படமாக எடுக்கப்போவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு உலவுகிறது. எடுக்கிறவர் எவராயினும் அவருக்கு நாம் ஒன்று சொல்லுவோம். மாயாவி யார் தெரியுமா? இயற்பெயர் லூயி கிராண்டல். ஆய்வுக்கூடத்திலே விஞ்ஞானிக்கு எடுபிடி வேலை செய்த உதவியாளன். வேலை செய்த இடத்திலே நேர்ந்த விபத்திலே வலக்கையை இழந்தவன். இழந்த கைக்குப் பதில் இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுதும் மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் மறையாது. முதலிலே வெறிகொண்டு கொள்ளையடிக்கிறான், உலகத்தைப் பழிவாங்கப் பார்க்கிறான். பிறகுதான் நல்வழிக்கு வருகிறான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே பிரஸ்ஸில் கை கொடுத்துவிட்டு நிற்கிற தொழிலாளிக்கு இந்தக் கதை புரியாதா? இயந்திரத்துக்கு முன்னே நிற்கிறவனின் உடலும் பசியும் பிள்ளையும் முதலாளியின் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. கை மட்டும்தான் தெரிகிறது. அந்தக் கையும் போய்விட்டால்? கிராண்டலை லண்டனிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டாம். அவனுக்கு இரும்புக்கை செய்ய வெளிநாட்டிலிருந்து வரைகலை நிபுணர்களை அழைத்து வருவதற்கு முன்னால், ஒருநாள் காலை ஷிப்டு விடுகிற நேரத்திலே அம்பத்தூர் ஆலை வாயிலிலே போய் நின்று, வெளியே வருகிறவர்களின் விரல்களை எண்ணிப் பார்க்கட்டும்.