இறகு கொட்டும் கோழிக்குப் பூச்சி மருந்து

2013ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மல்லாகத்தில் நலன்புரி நிலையம் ஒன்றில் வசித்த தாயார் ஒருவர் தமது பேட்டுக் கோழியைக் கடகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பம் அது. தோட்டக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. கையில் மிஞ்சிய விவசாயம் ஏழெட்டுக் கோழிகள்தான். அவற்றுள் இது பேரப்பிள்ளைகளின் செல்லக் கோழி. கழுத்திலும் முதுகிலும் இறகில்லை. கொண்டை வெளிறிச் சுருங்கியிருந்தது.

"வயித்துக்குள்ள பூச்சி பாதர். வீட்டில கிடந்த பூச்சிக் குளிசையில பாதியை உடைச்சுக் குடுத்தனான். இன்னும் கொட்டுது. மற்றப் பாதியையும் குடுக்கட்டோ?"

"பொறுங்கோ அம்மா, கொஞ்சம் பாப்பம்" என்று சொல்லி இறகு விழுந்த இடத்தை விரலால் விலக்கிப் பார்த்தோம். தோலில் வரிசையாகக் குருத்து இறகுகள் முளைத்திருந்தன. கோழிக்கு நோய் இல்லை. அது பழைய உடுப்பைக் கழற்றிப் புதியதை உடுத்திக்கொண்டிருந்தது!

வளர்ந்த கோழி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு தடவை இறகு மாற்றும். தலையிலும் கழுத்திலும் தொடங்கி, உடம்பு, செட்டை, வால் என்று போகும். முடிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். குளிர் நாடுகளில் பகல் குறுகும்போது கோழிகள் ஒன்றாகவே கொட்டும். யாழ்ப்பாணத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். ஆகவே இங்கே ஒரு கோழி இன்றும் மற்றது அடுத்த மாதமும் கொட்டும். தீனோ தண்ணீரோ திடீரெனக் குறைந்தாலும், கோழி வெருண்டாலும் இறகு விழும். 1995 ஐப்பசிக் கடைசியில் சாக்கிலும் கடகத்திலும் நாவற்குழிப் பாலம் கடந்த கோழிகள் தென்மராட்சியில் மொட்டையாய்த் திரிந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

அப்படியானால் பூச்சியை எப்படி அறிவது? வெளிறிய கொண்டையை மட்டும் நம்பவேண்டாம். இறகு மாற்றும் கோழிக்கும் கொண்டை வெளிறும், முட்டையும் நிற்கும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். நன்றாகத் தின்றும் எலும்பு கத்திபோல் கூராக நின்றால், எச்சம் தண்ணீராகப் போனால், எச்சத்தில் வெள்ளைப் புழுவோ அரிசிபோன்ற துண்டுகளோ தெரிந்தால் பூச்சி என்று சந்தேகிக்கலாம். செட்டைக்கு அடியில் செள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பூச்சியுள்ள கோழி இறகு மாற்றும்போது இரட்டைச் சுமை சுமக்கிறது. இறகின் பெரும்பகுதி புரதம். நாம் போடும் தீனில் பங்கைக் குடலிலுள்ள புழு எடுத்தால் குருத்து வளர எதுவும் மிஞ்சாது. அத்தகைய கோழிக்கு மருந்து வேண்டும். மருந்து கொடுத்த நாட்களில் முட்டையை உண்ணாமல் விடவேண்டியிருக்கும் என்பதால், முட்டையிடாத இந்தக் காலம் வசதியானதும்கூட.

ஆனால் எந்த மருந்து என்பதிலேதான் சிக்கல். மெபென்டசோல், அல்பென்டசோல், பென்பென்டசோல் ஆகியவை ஒரே குடும்பம். இவை கலங்கள் பெருகுவதைத் தடுக்கக்கூடியவை. முளைக்கும் இறகோ கலங்கள் வேகமாகப் பெருகும் இடம். பென்பென்டசோலால் புறாக்களுக்கு இறகு கோணலாக முளைத்தமை அறியப்பட்டுள்ளது. கோழி சரியான அளவை நன்றாகத் தாங்கும். கண்மதிப்பான அளவுதான் ஆபத்து. மனிதருக்கான 500 மில்லிகிராம் மெபென்டசோல் குளிசையில் பாதி, ஒன்றரைக் கிலோக் கோழிக்கு மிக மிக அதிகம். அந்தத் தாயாரின் கோழிக்குச் செட்டையில் இரண்டு மூன்று இறகு வளைந்தே முளைத்தன. குளிசைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லமாட்டேன்; மற்றப் பாதியைக் கொடுக்காதது நல்லதாயிற்று.

தண்ணீரில் கலந்து கொடுக்கும் பைப்பரசின் உருண்டைப் புழுவுக்கு நல்லது, நாடாப்புழுவுக்கு உதவாது. எனவே எச்சத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள். கோழியின் நிறையையும் சொல்லுங்கள். எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது, இரண்டாம் முறை எப்போது கொடுப்பது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மருந்து பாதிதான், மறுபாதி நிலம். ஒரு பரப்புக்கும் குறைந்த இடத்தில் நாலு குடும்பத்துக் கோழிகள் ஒரே மண்ணைக் கிளறும்போது, ஒன்றின் எச்சத்திலுள்ள புழுமுட்டை மற்றதன் வாய்க்குள் போகிறது. ஈரமான நிழல் மண்ணில் அந்த முட்டை இரண்டு மூன்று கிழமைகளில் தொற்றும் நிலைக்கு வரும்; பிறகு மாதக்கணக்கில் கிடக்கும். மாரி மழைக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு வீட்டார் மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவதுதான். அயலவர்கள் பேசி ஒரே நாளில் கொடுக்கவேண்டும். எச்சத்தைத் தினமும் கூட்டி, கோழி கிளறாத மூடிய குழியில் போடுங்கள். கூட்டை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். எறும்பும் வண்டும் நாடாப்புழுவைக் காவும் என்பதால் தீன் சிந்திய இடத்தைக் கூட்டிவிடுங்கள்.

தீனுக்குக் கடைக்கு ஓடவேண்டியதில்லை. எள்ளுப் பிண்ணாக்கில் இறகுக்குத் தேவையான மெதியோனின் நிறைய உண்டு. உப்புப் போக ஊறவைத்த கருவாட்டுத் தலை, கறையான், முருங்கையிலை எல்லாம் உதவும். குருத்து இறகில் இரத்தம் ஓடும். அது முற்றும்வரை பிள்ளைகள் கோழியைத் தூக்கி விளையாடாதிருப்பது நல்லது.

தை மாதக் கடைசியில் அந்தத் தாயாரைக் கண்டபோது கோழி முட்டையிடத் தொடங்கியிருந்தது. முட்டைகளை விற்கவில்லை, அடைக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றார்.